தோற்ற சதியின் ஆயுள்

1962 ஜனவரி 27, சனிக்கிழமை நள்ளிரவில் கொழும்பில் ஓர் அரசாங்கம் கவிழ்ந்திருக்க வேண்டும். படை, பொலிஸ் அதிகாரிகள் சிலர் தீட்டிய திட்டத்தில் பெரிய நுணுக்கம் ஏதும் இல்லை. அமைச்சர்கள், இடதுசாரித் தலைவர்கள், பாதுகாப்பு அமைச்சின் நிரந்தரச் செயலாளர் என். கியூ. டயஸ் ஆகியோரை அவரவர் வீட்டில் வைத்தே பிடித்து இராணுவத் தலைமையகத்தில் அடைப்பது. தந்தி, தொலைபேசி நிலையங்களைக் கைப்பற்றுவது. பனாகொடை முகாமிலிருந்து படை வந்துவிடாதபடி கிருலப்பனை, வெள்ளவத்தைப் பாலங்களை மறிப்பது. நடவடிக்கைக்கு ‘ஹோல்ட்ஃபாஸ்ட்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். விடிந்ததும் மகாதேசாதிபதி ஆட்சிப் பொறுப்பை ஏற்பார், பாராளுமன்றம் கலையும் என்பது அவர்களது கணக்கு.

அன்று ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. பொலிஸ் அத்தியட்சகர் ஸ்டான்லி சேனநாயக்க விஷயத்தைத் தன் மனைவி வழியாக மாமனார் காதில் போட்டார். மாமனார் பி. டி எஸ். குலரத்ன பாராளுமன்ற உறுப்பினர். ஆனந்தாக் கல்லூரியின் முன்னாள் அதிபர். பௌத்தக் கல்வி மறுமலர்ச்சியின் பெரிய பெயர்களில் ஒன்று. அவர் பொலிஸ் மா அதிபருக்குச் சொன்னார். இரவோடிரவாக அலரி மாளிகை விசாரணைக் கூடமாயிற்று. பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் உறவினரும் நிதி அமைச்சருமான பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க அதிகாரிகளை ஒவ்வொருவராக அழைத்து விசாரித்தார். கிறிஸ்தவ அதிகாரிகளின் சதி ஒரு பௌத்தக் கல்விமானின் வீட்டு வழியே வெளிவந்தது. நாவலாசிரியர் எவரும் இப்படி எழுதத் துணிந்திருக்க மாட்டார்.

லிந்துலை, தலவாக்கலை, அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டங்களில் பெரியவர்களிடம் அறுபதுகளைப் பற்றிக் கேட்டால் இந்தச் சதி நினைவில் வருவதில்லை. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வரும். பிரஜாவுரிமைக் கடிதம் வரும். இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களை ஏற்றித் தலைமன்னாருக்குப் போன ஒப்பாரிக் கோச்சி வரும். அதில் நியாயம் இருக்கிறது. 1962இல் கொழும்பில் ஆட்சி கவிழ்ந்திருந்தாலும் இங்கே தொழிலாளர் கூடும் காலைப் பெரட்டு அதே நேரத்தில்தான் கலைந்திருக்கும். அந்த அரசாங்கத்தைத் தெரிவு செய்தவர்களும் நாங்கள் இல்லை, கவிழ்க்க முனைந்தவர்களும் நாங்கள் இல்லை. ஆனாலும் தோற்றுப்போன அந்த ஓரிரவின் பின்விளைவுகள் மலையகத்தையும் தொட்டன. அவை வந்த வழிதான் இந்தக் கட்டுரையின் அக்கறை.

முதலில், ஏன் நடந்தது? சதிக்காரர்களின் முன்வரிசையைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். தொண்டர் படையின் கட்டளைத் தளபதி கேணல் மோரிஸ் டி மெல்; அவருக்கு அடுத்த நிலையிலிருந்த பீரங்கிப் படைக் கேணல் எஃப். சி. டி சேரம், 1960இல் கடற்படைத் தலைமையை இழந்த ரோய்ஸ் டி மெல், பிரதிப் பொலிஸ் மா அதிபர் சி. சி. திசாநாயக்க, ஓய்வுபெற்ற பிரதிப் பொலிஸ் மா அதிபர் சிட்னி டி சொய்சா, சிவில் சேவையைச் சேர்ந்த டக்ளஸ் லியனகே. டி சேரம் ஒக்ஸ்போர்டில் படித்த சட்டத்தரணி. 1934இல் ஒக்ஸ்போர்ட் அணிக்காக ஆடி, அவுஸ்திரேலியருக்கு எதிராக 128 ஓட்டம் எடுத்த கிரிக்கெட் வீரர். பசித்த சிப்பாய்களின் கலகம் என்று இதை எவரும் சொல்ல முடியாது. நாட்டை ஆளப் பிறந்தவர்கள் தாங்களே என்று நம்பி வளர்ந்த ஒரு வகுப்பு, தன் காலடி மண் நழுவுவதைக் கண்டு எடுத்த முடிவு இது.

வழக்கில் இறுதியாகக் கூண்டில் நின்றவர்கள் 24 பேர். அத்தனை பேரும் கிறிஸ்தவர்கள். இனப்படி 12 சிங்களவர், 6 தமிழர், 6 பறங்கியர். தமிழ்ப் பெயர்கள் ஜேசுதாசன், ஜெபநேசன் என்று போகின்றன. பிரித்தானியர் விட்டுப்போன படையிலும் பொலிஸிலும் அதிகாரி வட்டம் இந்தக் கலவையாகவே இருந்தது. ஆங்கிலப் பாடசாலை, தேவாலயம், கிளப் ஆகிய மூன்றும் அவர்களை இணைத்தன. இலங்கையர் ஒருவர் முதன்முதலாக இராணுவத் தளபதியானபோது, 1955இல், அவர் அன்ரன் முத்துக்குமாரு என்ற தமிழர். அதைக் குறித்து அப்போது பெரிய சலசலப்பு எழவில்லை.

1956 எல்லாவற்றையும் மாற்றியது. சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1959இல் அன்றைய பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க, பொலிஸ் சேவையில் மூத்தவர்களைத் தாண்டி, பொலிஸ் சீருடையே அணிந்திராத சிவில் அதிகாரி அபேகோனைப் பொலிஸ் மா அதிபராக்கினார். தாண்டப்பட்டவர்களில் டி சொய்சாவும் திசாநாயக்கவும் இருந்தார்கள். அபேகோன் பௌத்தர் என்பதே அவரது முதல் தகுதி என்று அவர்கள் பேசிக்கொண்டார்கள். 1960, 1961 சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகள் அரசுடைமையாயின, கத்தோலிக்கர் கொதித்தார்கள். படைகளில் ‘சமநிலை’ கொண்டுவரும் பணியை என். கியூ. டயஸ் வெளிப்படையாகவே செய்தார். இதற்கிடையே வேலைநிறுத்தங்களை உடைக்கவும், 1961இல் வடக்கின் சத்தியாக்கிரகத்தை அடக்கவும் அரசாங்கம் அதே படையைத்தான் அனுப்பியது. தங்களை நம்பாத அரசுக்காகத் தாங்கள் மதிக்காத வேலையைச் செய்கிறோம் என்ற எண்ணம் அதிகாரி மெஸ்ஸுகளில் ஊறியது.

இந்தச் சதியை ஆழமாக ஆராய்ந்தவர் அமெரிக்க அறிஞர் டொனால்ட் ஹோரோவிட்ஸ். சம்பந்தப்பட்ட அதிகாரிகளையே சந்தித்துப் பேசி அவர் எழுதிய நூல் 1980இல் வெளியானது. சதிக்கு ஒற்றைக் காரணம் தேடும் கோட்பாடுகள் அதிகாரிகளின் மனத்துக்குள் போய்ப் பார்ப்பதில்லை என்பது அவரது குறை. பதவி உயர்வு கிடைக்காத கசப்பு, மதச் சிறுபான்மை அச்சம், இடதுசாரி வெறுப்பு, அரசியல்வாதி மீதான ஏளனம் எல்லாம் ஒரே ஆளுக்குள் ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டு கிடக்கும். 1962இலேயே வெளிவந்த சாமுவேல் ஃபைனரின் நூலோ கேள்வியைத் தலைகீழாகப் போட்டது: ஆயுதமும் ஒழுங்கும் கட்டளை வரிசையும் கைவசம் வைத்திருக்கும் இராணுவம் ஆட்சியைப் பிடிக்காமல் இருப்பதற்குத்தானே விளக்கம் வேண்டும்? மக்கள் தம் அரசை எவ்வளவு தம்முடையதாகக் கருதுகிறார்கள் என்பதில் அவர் விடை தேடினார்.

அந்த அளவுகோலை இலங்கைக்கு வைத்துப் பார்த்தால் ஒரு சங்கடம் வரும். 1962இல் இலங்கை சர்வசன வாக்குரிமைக்கு 31 வயதான நாடு. தேர்தலில் ஆட்சி மாறுவது வழக்கமாகிவிட்ட நாடு. சதி தோற்றதற்கு அதுவும் ஒரு காரணம் என்பேன். கடைசி நேரத்தில் சேனநாயக்க போன்ற ஓர் அதிகாரிக்கு ‘இது சரியில்லை’ என்று தோன்றுவதற்கு அந்த வழக்கம் ஒரு தளம் கொடுத்தது. ஆனால் அந்தச் சர்வசனத்துக்கு வெளியே ஒரு பெருங்கூட்டம் நின்றது.

1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் எஸ். தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் கே. குமாரவேலு என்று தேயிலை நாடு தன் ஆட்களைக் கொழும்புக்கு அனுப்பியது. மறுவருடமே, மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டமும் தேர்தல் திருத்தச் சட்டமும் தொடர்ந்தன. 1952 தேர்தலில் அந்த ஏழில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கவச வண்டி தெருவில் இறங்கவில்லை, வானொலி நிலையத்தை யாரும் பிடிக்கவில்லை. பாராளுமன்றத்தில் கையுயர்த்தி, ஒரு மக்கள் தொகுதியின் அரசியல் இருப்பை அழித்தார்கள். சதிப்புரட்சி ஒன்றின் விளைவுகளாக அரசறிவியல் நூல்கள் பட்டியலிடுபவை என்ன? வாக்காளர் பிரதிநிதித்துவம் இழப்பது, நீதிமன்றம் கைகட்டி நிற்பது, மக்கள் நாட்டைவிட்டு வெளியேறுவது. மலையகத்துக்கு இவை மூன்றும் சட்டத்தின் வழியாகவே வந்தன. 1953 கணக்கெடுப்பில் சனத்தொகையில் 12 சதவீதமாக இருந்த இந்தியத் தமிழர் 1981இல் 5.5 சதவீதமானார்கள்.

நீதிமன்றம் கைகட்டி நின்றது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். 1962 சதியின் கதையும் மலையகத்தின் கதையும் உண்மையிலேயே குறுக்கிடும் இடம் லண்டனிலுள்ள ஒரு நீதிமன்றம். அன்று இலங்கை வழக்குகளின் இறுதிப் படி கோமறைக் கழகம். கேகாலை மாவட்டத்தில் கோடக்கன்பிள்ளை என்பவர் தன்னை வாக்காளர் இடாப்பில் சேர்க்கும்படி கேட்டார். சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்துக்கு மட்டும் தகுதியீனம் விதிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றக்கூடாது என்கிறதே, அப்படியானால் இந்தப் பிரஜாவுரிமைச் சட்டம் செல்லுமா என்பது அவரது கேள்வி. இடாப்புத் திருத்த அலுவலர் அவர் பக்கம் தீர்ப்பளித்தார். இலங்கை உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. 1953இல் கோமறைக் கழகமும் அரசின் பக்கமே நின்றது: தன் பிரஜைகள் யார் என்று தீர்மானிப்பது ஒரு நாட்டின் இயல்பான உரிமை, இந்தியத் தமிழர் வந்துபோகும் பழக்கமுள்ளவர்கள் என்பதும் கணக்கில் எடுக்கத்தக்கது. இங்கேயே பிறந்து, இங்கேயே மண்ணுக்குள் போன தலைமுறைகள் ‘வந்துபோகிறவர்கள்’ ஆனார்கள். சட்டத்தின் சொற்களில் ஒரு சமூகத்தின் பெயர் இல்லாவிட்டால் போதும், அதன் பின்னாலுள்ள நோக்கத்தைத் தோண்ட மாட்டோம் என்ற நிலை அது.

பன்னிரண்டு ஆண்டு கழித்து அதே கழகத்தின் முன் 1962 வழக்கு வந்தது. சதிக்காரர்களைப் பிடித்த பிறகுதான் அரசாங்கத்துக்கு ஒரு சிக்கல் தெரிந்தது. நடைமுறையிலிருந்த தண்டனைச் சட்டத்தின்படி, நடக்காத சதிக்கு இவர்களைக் கடுமையாகத் தண்டிப்பது கடினம். பொலிஸாரிடம் கொடுத்த வாக்குமூலம் சான்றாகாது. ஆகவே 1962ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் குற்றவியல் (விசேட ஏற்பாடுகள்) சட்டம் நிறைவேறியது. ஜனவரி 1இலிருந்தே அமுலுக்கு வருவதாகப் பின்தேதியிட்டார்கள். பிடியாணை இல்லாமல் அடைத்து வைத்ததைச் செல்லுபடியாக்கினார்கள். குற்றத்தின் வரையறையை விரித்தார்கள். குறைந்தபட்சம் பத்து ஆண்டுச் சிறையும் சொத்துப் பறிமுதலும் விதித்தார்கள். காவலில் பெற்ற வாக்குமூலத்தைச் சான்றாக்கினார்கள். யூரி கிடையாது, நீதிபதிகள் மூவரை நீதி அமைச்சர் நியமிப்பார். இந்த வழக்குகள் முடிந்ததும் சட்டமும் முடிந்துவிடும். ஆட்களின் அளவெடுத்துத் தைத்த சட்டை அது.

முதல் மூன்று நீதிபதிகள் அமைச்சருக்குத் தங்களை நியமிக்கும் அதிகாரமே இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். இலங்கை நீதித்துறை நினைத்துப் பெருமைப்படக்கூடிய தருணங்களில் அது ஒன்று. இரண்டாவது அமர்வும் கலைந்தது. அதிலிருந்த நீதிபதி ஒருவர் முன்பு சட்டமா அதிபர் என்ற முறையில் இதே விசாரணையில் பங்கேற்றிருந்தார். மூன்றாவது அமர்வு 1963 ஜூனில் தொடங்கி 324 நாள் விசாரித்து, 1965 ஏப்ரலில் 11 பேரைக் குற்றவாளிகளாகக் கண்டது. அந்த டிசெம்பரில் கோமறைக் கழகம் 11 பேரையும் விடுவித்தது. குறிப்பிட்ட ஆட்களைக் குறிவைத்து, நடந்து முடிந்த சம்பவத்துக்காகச் சட்டம் செய்து தண்டனையையும் அதிலேயே எழுதிவிடுவது நீதிபதியின் வேலையைப் பாராளுமன்றம் பறித்துக்கொள்வதாகும். நீதி அதிகாரம் நீதிமன்றத்துக்கே உரியது என்று இலங்கையின் அரசியலமைப்பு உட்பொதிவாகச் சொல்கிறது. ‘லியனகே எதிர் இராணி’ என்ற இந்தத் தீர்ப்பு பொதுநலவாய நாடுகளின் சட்ட வகுப்புகளில் இன்றும் பாடம்.

நான் இந்தத் தீர்ப்பைக் குறை சொல்ல மாட்டேன். சட்டப்படி அது சரி. ஆனால் இரண்டு தீர்ப்புகளையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும் மலையகத்தானுக்கு வாய் கசக்கும். பெயர் தெரிந்த சிலரை நோக்கிச் செய்த சட்டத்துக்குள் நோக்கத்தைக் கண்டுபிடித்த கழகம், இலட்சக்கணக்கான பேரை நோக்கிச் செய்த சட்டத்துக்குள் அதைக் காண மறுத்தது.

கொழும்பு ஆட்சியாளர் லியனகே தீர்ப்பிலிருந்து கற்ற பாடம் வேறு. இனி இப்படிச் சட்டம் செய்யக்கூடாது என்று அவர்கள் எண்ணவில்லை. இப்படித் தடுக்கும் நீதிமன்றம் இனி இருக்கக்கூடாது என்று எண்ணினார்கள். 1970இல் சிறிமாவோ மீண்டும் வந்தார். கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு நின்றது. 1972 மே 22 குடியரசு அரசியலமைப்பில் நீதி அதிகாரமும் தேசிய அரசுப் பேரவைக்கே உரியது, நீதிமன்றங்கள் வழியாக அதைப் பேரவை செலுத்தும் என்று எழுதினார்கள். நிறைவேறிய சட்டத்தை நீதிமன்றம் கேள்வி கேட்கும் வழி அடைபட்டது. 29ஆம் பிரிவும் மறைந்தது. எங்களுக்குப் பயன்படாமற்போன பிரிவுதான். ஆனாலும் இருந்த ஒரே வேலி.

படையில் நடந்த மாற்றம் இன்னும் வேகமானது. டி சேரத்தின் பீரங்கிப் படைப்பிரிவு ஒன்றைக் கலைத்துப் புதிதாக அமைத்தார்கள். அதிகாரிச் சேர்ப்பு சிங்கள பௌத்தர் பக்கம் சாய்ந்தது. தமிழர் சேர்ப்பு அருகியது. 1964இல் தளபதியான ரிச்சர்ட் உடுகமதான் முதல் சிங்கள பௌத்தத் தளபதி. 1961இல் சத்தியாக்கிரகத்தின்போது யாழ்ப்பாணத்தில் படைக்குத் தலைமை தாங்கியவர். தங்களை ஒதுக்குவதை நிறுத்த எழுந்த அதிகாரிகள் அந்த ஒதுக்கலையே முழுமையாக்கிவிட்டார்கள். இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. 1966இல் டட்லி சேனநாயக்கவின் அரசைக் கவிழ்க்கச் சதி செய்ததாக உடுகமவும் ஹென்பிட்டகெதர ஞானசீக தேரரும் கைதானார்கள். வழக்கு நிற்கவில்லை, விடுதலையானார்கள். ஒரே இனத்தவராக நிரப்பினால் இராணுவம் விசுவாசமாக இருக்கும் என்ற நம்பிக்கை நான்கு ஆண்டு தாங்கவில்லை. இந்தியா எதிர்த் திசையில் நடந்தது; எந்த ஒரு பிரதேசத்தவரும் கட்டளைப் பீடத்தை நிறைத்துவிடாதபடி பார்த்துக்கொண்டது. அங்கே சதி நிகழாததற்குச் சொல்லப்படும் காரணங்களில் அதுவும் ஒன்று.

சதிக்குப் பயந்து அரசாங்கம் இராணுவத்தை மெலிதாகவும் வைத்திருந்தது. 1971 ஏப்ரல் 5 இரவு ஆயுதக் கிளர்ச்சியில் இறங்கிய ஜே.வி.பி. 90க்கும் மேற்பட்ட பொலிஸ் நிலையங்களைத் தாக்கியபோது வெளிநாடுகளிடம் அவசர உதவி கேட்க வேண்டியதாயிற்று. அந்த ஜே.வி.பி. தன் ஆட்களுக்கு நடத்திய ஐந்து அரசியல் வகுப்புகளில் ஒன்று ‘இந்திய விஸ்தரிப்புவாதம்’. அதில் தோட்டத் தொழிலாளர் இந்தியாவின் கருவியாகவே சித்திரிக்கப்பட்டார்கள். மெலிந்த அந்த இராணுவத்துக்கு அறுபதுகளில் கொடுத்திருந்த பெரிய வேலையும் எங்களைத் தொட்டது. ‘கள்ளக் குடியேற்ற’த் தடுப்புப் படையணி என்ற பெயரில் வடமேல், வடக்குக் கரையோரங்களில் முகாம்கள் முளைத்தன. யாழ்ப்பாணத்தைச் சுற்றி முகாம் வளையம் போடுவதே என். கியூ. டயஸின் உள்நோக்கம் என்று அப்போது யாழ். அரசாங்க அதிபராக இருந்த நெவில் ஜயவீர பிற்காலத்தில் எழுதினார். வெளியில் சொன்ன காரணம் கள்ளத்தோணி. தோட்டத்துப் பிள்ளைகள் பஸ்ஸிலும் பாடசாலையிலும் கேட்டு வளர்ந்த அதே வசைச்சொல்.

இங்கே பர்மாவைச் சொல்லாமல் போக முடியாது. சதியில் மகாதேசாதிபதி சேர் ஒலிவர் குணதிலக்கவின் பெயர் அடிபட்டது. வழக்கு ஏதும் அவர்மீது போடவில்லை, ஆனால் பதவி போயிற்று. 1962 மார்ச் 2இல் வில்லியம் கோபல்லாவ அவ்விடத்துக்கு வந்தார். அதே நாளில் ரங்கூனில் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். அங்கே சதி வென்றது. கடைகளும் வணிகமும் அரசுடைமையாயின. 1964இல் 50, 100 கியாட் தாள்கள் செல்லாமற்போயின. இலட்சக்கணக்கான இந்தியர் வெறுங்கையோடு கப்பலேறினார்கள். தமிழர் அதில் பெரும் பங்கு. அதே 1964இன் ஒக்டோபர் 30இல் டெல்லியில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். மலையகத் தமிழர் 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று. எந்தத் தோட்டத்திலும் எவரையும் கேட்கவில்லை. ஒரு நாட்டில் சதிப்புரட்சி செய்த வேலையை இன்னொரு நாட்டில் தேர்தலில் வென்ற பிரதமர் ஒப்பந்தத்தால் செய்தார். தமிழ்நாட்டில் போய் இறங்கியபோது இரண்டு கூட்டமும் ஒன்றாயிற்று. 1969இல் இந்திய அரசு தாயகம் திரும்பியோருக்காகத் தொடங்கிய ரெப்கோ வங்கி பர்மாக்காரருக்கும் சிலோன்காரருக்கும் பொதுவானது.

சட்டைக்கு வருகிறேன். 1962இல் அளவெடுத்துத் தைத்ததைக் கோமறைக் கழகம் கிழித்தது. தையல் முறையை யாரும் மறக்கவில்லை. 1971 கிளர்ச்சியாளரை விசாரிக்க 1972இல் குற்றவியல் நீதி ஆணைக்குழுச் சட்டம் வந்தபோது காவலில் பெற்ற வாக்குமூலம் மறுபடி சான்றாயிற்று. 1977இல் ஐக்கிய தேசியக் கட்சி பெரும்பான்மையோடு வந்தது. 1962 வழக்கின் முதல் எதிரி டக்ளஸ் லியனகே அந்த அரசாங்கத்தில் இராஜாங்க அமைச்சின் செயலாளரானார். அதே அரசாங்கம் 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லும் என்கிறது அதன் 16ஆம் பிரிவு. அது வற்புறுத்திப் பெற்றது என்று காட்டும் பொறுப்பையும் எதிரியின் தலையிலேயே வைத்தது. மூன்றாண்டுக்கு என்று வந்த சட்டம் 1982இல் நிரந்தரமாயிற்று. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் மலையகத் தோட்டங்களிலிருந்து பிடித்துப் போன இளைஞர் பலர் இந்தப் பிரிவின் கீழ், தாங்கள் படிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதிய தாள்களில் கையெழுத்திட்டு உள்ளே போனார்கள். லியனகேவுக்கு இருந்த லண்டன் நீதிமன்றம் அவர்களுக்கு இருக்கவில்லை.